எந்தக் கறுப்பு?

கறுப்பில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்களும் முதலில் எண்ணினோம். பச்சை என்றால் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று வரிசை உண்டு, சிவப்புக்கும் அப்படியே. கறுப்பு என்பது கறுப்பு. தமிழ் அதற்கு மை, கார், கருமை என்று சொற்களை அள்ளித் தந்திருந்தாலும், பாடி பக்கத்துப் பெயிண்ட் கடையில் கேட்டால் 'ஜெட் பிளாக்தானே சார்?' என்ற ஒரே கேள்விதான் திரும்பி வரும். அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் தலையாட்டிவிட்டு வந்தோம். அதற்குக் கொடுத்த விலையிலிருந்து பிறந்த கருத்துகளே இங்கே.

'நாங்கள்' என்பது அண்ணன் தம்பி இருவர். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருபது ஆண்டுகளாக லேத்தோடு வாழ்பவர். வண்டி எங்கள் தந்தையாருடையது. 1974ஆம் ஆண்டு திருவொற்றியூரில் செய்த 350 சிசி புல்லட். அவர் அதை 1983இல் பழைய வண்டியாகவே வாங்கினார். திருமுல்லைவாயிலிலிருந்து தொழிற்பேட்டைக்கும், மாதத்துக்கு ஒருமுறை அம்மாவோடு திருவேற்காட்டுக்கும் அதில்தான் போய்வந்தார். அவர் மறைந்த பின் எட்டு ஆண்டுகள் பின்தாழ்வாரத்தில் சாக்கு போர்த்தி நின்றது. 2024இல் அதற்கு ஐம்பது வயது நிறைந்தபோதுதான் எங்களுக்குக் குற்ற உணர்வு வந்தது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பழைய வண்டிக்கு நீடித்து உழைக்கும் பெயிண்ட் தேடுகிறவர்கள் எல்லோரும், எது உரியாது, எது கீறல் வாங்காது என்றே கேட்கிறார்கள். இது பாதிக் கேள்விதான். உரியாத பூச்சு உலகில் இல்லை. உரிந்த இடத்தை மட்டும் திருத்த முடியுமா, திருத்துகிற கை பக்கத்துத் தெருவில் இருக்கிறதா, அந்தக் கை நலமாக இருக்கிறதா என்பதே மறு பாதி. கடைக்காரர் முதல் பாதிக்கு மட்டும் விடை சொல்வார். அவர் மேல் பிழையில்லை, நாம் கேட்பது அவ்வளவே.

புல்லட்டின் கறுப்புக்கு ஒரு நெடுங்கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் ஜப்பானிய அரக்குப் பொருள்களைக் கண்டு மயங்கினர். அந்த அரக்கு சுரக்கும் மரம் அவர்கள் நாட்டில் இல்லை. ஆகவே போலி செய்தார்கள்; போலிக்கு 'ஜப்பானிங்' என்றே பெயரும் வைத்தார்கள். பிற்காலத்தில் இரும்புக்கென்று வந்தது ஜப்பான் பிளாக்: நிலக்கீலை ஆளிவிதை எண்ணெயிலும் கற்பூரத்தைலத்திலும் கரைத்துப் பூசி, சூளையில் வைத்துச் சுட்டெடுப்பது. நம் பாட்டிமார் வீட்டில் இருந்த தையல் இயந்திரத்தின் கறுப்பும் அதன் மேலிருந்த பொன் கொடியும் இந்த மரபைச் சேர்ந்தவை. ஃபோர்டின் டி மாடல் கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்ததற்குப் பின்னாலும் இதன் உறுதியும் மலிவும் உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரின் என்ஃபீல்ட் வண்டிகளும் சுட்ட எனாமல் அணிந்தவை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ரெட்டிச்சோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கியபோது, எஞ்சினோடும் சேசிஸோடும் கறுப்பின் மேல் பொற்கோடு இழுக்கும் அந்தப் பழக்கமும் சென்னைக்குக் கப்பலேறி வந்தது என்று சொல்லலாம். கோடு இழுப்பது இன்றுவரை தூரிகைக் கைவேலை.

எங்கள் பக்கத்து ஊர்களுக்கு இந்தக் கறுப்பு அதற்கும் முன்பே பழக்கம். 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில்தான் இயங்கியது. தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன ஒரு தலைமுறையே கறுப்பு ஹெர்குலிஸில் போனது. வாசலில் வெயிலும் மழையும் பட்டு நின்ற அந்த மிதிவண்டிகளின் குழாய்களை நினைத்துப் பாருங்கள்: வெல்டிங் ஓரத்தில் துரு இருக்கும், கைப்பிடி நிறம் மாறியிருக்கும், குழாயின் கறுப்பு மட்டும் கறுப்பாகவே இருக்கும்.

அதற்குக் காரணம் எளியது. கறுப்பு வெளுப்பதில்லை. இன்றைய கறுப்புப் பெயிண்டில் நிறமாக இருப்பது நுண்ணிய கரித்தூள். புற ஊதாக் கதிரை விழுங்கிக்கொண்டு தான் மாறாமல் நிற்பது. வெயிலில் சாவது அதைப் பிடித்துவைத்திருக்கும் பிசின். பிசின் பொடிந்து மேலே சாம்பல் படர்ந்தால் 'பெயிண்ட் வெளுத்துவிட்டது' என்கிறோம். ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எழுத்தாணி கீறிய பள்ளத்தில் விளக்குக் கரியைப் பச்சிலைச் சாற்றோடு குழைத்துத் தடவினார்கள். ஓலை செல்லரிக்கும், முறியும், விளிம்பு உதிரும். மிஞ்சிய துண்டில் கரி மட்டும் நேற்றுத் தடவியதுபோல் இருக்கும். ஆகவே பெயிண்ட் கடையில் எந்தக் கறுப்பு என்று கேட்பதைவிட, எந்தப் பிசின் என்று கேட்பதே சரியான கேள்வி. (கறுப்பிலும் வேறுபாடு உண்டு என்பது தனி. நிலக்கீல் கறுப்பு மெலிந்த இடத்தில் லேசாகப் பழுப்படிக்கும். இன்றைய ஜெட் பிளாக்கில் ஒரு நீலச்சாயல் உண்டு. வெயிலில் இரண்டையும் அருகருகே வைத்தால் தெரியும். பழைய வண்டிக்குப் புதுக் கறுப்பு அடித்தால் அது சாயம் பூசிய முடியைப்போலத் தோன்றுவது இதனால்தான்.)

இன்று நம் பக்கத்தில் மூன்று பிசின்கள் கிடைக்கின்றன. முதலாவது என்.சி. என்கிற நைட்ரோசெல்லுலோஸ். டூபாண்ட் நிறுவனம் 1923இல் 'டூகோ' என்று கொண்டுவந்தது. வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த கார்களை நாள்கணக்குக்குக் கொண்டுவந்த பூச்சு. அந்தப் பெயர் நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. எந்தப் பூச்சைக் கன்னில் அடித்தாலும் 'டூக்கோ' என்பவர்கள் உண்டு. தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்வது என்பதால் மறுபடி தின்னர் பட்டால் இளகும். இதைக் குறையென்பார்கள். ஆனால் இதே காரணத்தால்தான் உரிந்த இடத்தில் அடிக்கும் புதுப் பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடுகிறது. ஒட்டுப் போட்டது தெரியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது: பெட்ரோல் மூடியருகே அது தாங்காது. 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கும் இக்காலத்தில் டேங்குக்கு என்.சி. அடிப்பது வீண் பிடிவாதம். அதோடு மழைக்காலம். ஐப்பசி கார்த்திகையில் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகும்போது குளிர்ந்த மேற்பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, கறுப்பின் மேல் பாலாடைபோல் பூத்துவிடும். ஆவடி ஏரியும் அம்பத்தூர் ஏரியும் நிரம்பித் தளும்பும் வாரங்களில் விவரமறிந்த பெயிண்டர் கன்னைக் கழுவி மாட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பார்.

இரண்டாவது பவுடர் கோட்டிங். இங்கேதான் நாங்கள் விழுந்தோம்.

தொழிற்பேட்டையைச் சுற்றிப் பவுடர் கோட்டிங் செய்யும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. மின்னேற்றம் பெற்ற பொடி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சூளையில் உருகிப் படலமாகும். சாதாரணப் பூச்சைவிடத் தடிமன்; கல் பட்டாலும் எளிதில் பெயராது. கேட்பவர் எல்லோரும் 'பவுடர் பண்ணிடுங்க, அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டாம்' என்றார்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்ற சொல்லே எங்களை எச்சரித்திருக்க வேண்டும். டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ், சேசிஸ் என்று எல்லாவற்றையும் மணலடிக்கக் கொடுத்துவிட்டோம். மணலடித்த வெற்றிரும்பு சென்னைக் காற்றில் சில மணி நேரம்கூடச் சும்மா இருக்காது, செம்மை படர்ந்துவிடும் என்பதால் அன்றே சூளைக்கும் போயிற்று.

டேங்கின் அடிமடிப்பில் தந்தையார் எப்போதோ ஓர் ஓட்டையை ஈயப்பற்று வைத்து அடைத்திருக்கிறார். அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயிண்ட். எங்களுக்குத் தெரியாது, மணலடித்தவருக்கும் அது தட்டுப்படவில்லை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று ஏறக்குறைய 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். சூளை அதைவிடச் சூடு. டேங்க் திரும்பி வந்தபோது வெளியே கண்ணாடிக் கறுப்பு. அடிமடிப்பில் ஒரு வடு. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் சொட்டு. வேலை செய்தவர் மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. பழைய டேங்கைச் சூளைக்கு அனுப்புமுன் அதன் உடம்பில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். பட்டி பூசிய பழைய மட்கார்டுக்கும் இதே கதிதான். சாதாரணப் பட்டி அந்தச் சூட்டைத் தாங்காது.

ஓட்டையைக்கூட மன்னித்துவிடலாம். மணலடித்ததில் தந்தையார் காலத்துப் பொற்கோடு போய்விட்டது. அதை ஒரு படம்கூட எடுத்துவைக்கவில்லை. அக்காவின் திருமணப் படமொன்றில் மாலை சுற்றிய வண்டி பின்னால் நிற்கிறது. டேங்கை மறைத்துக்கொண்டு யாரோ ஒரு மாமா. சீவக சிந்தாமணியின் 1887ஆம் ஆண்டுப் பதிப்பைப் பற்றியும், உ.வே. சாமிநாதையர் பாட வேறுபாடுகளைப் போற்றிய விதம் பற்றியும் வகுப்பில் ஆண்டுதோறும் மணிக்கணக்கில் பேசுகிறவர் எங்களில் ஒருவர். மூலச்சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு, படியெடுக்காமலே அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதக் கொடுத்ததற்குச் சமம் நாங்கள் செய்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்றாலும் தம்பி சிரித்தான்.

பவுடர் பற்றி எங்களுடைய மனத்தாங்கல் இவ்விபத்தால் மட்டும் வந்ததல்ல. அந்தப் படலம் உரிந்தால் உரிந்த இடத்தில் மட்டும் திருத்த வழியில்லை. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் ஈரம் படலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும். மேலே கறுப்பு மின்னிக்கொண்டிருக்க உள்ளே இரும்பு தின்னப்படும். தெரியவரும்போது ஒரு விரலகலம் தோலாக உரிந்து வரும். பிறகு மொத்தத்தையும் சுரண்டிச் சூளைக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு சங்கடம், சேசிஸ் எண். பதினைந்து ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பொறித்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பது வழக்கம். தடித்த பவுடர் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிட்டால் தாளில் எழுத்து விழாது. வண்டியின் அடையாளமே அந்த எண்தான். அந்த இடத்தை நாடா ஒட்டி மறைக்கச் சொல்லாதவர்கள் பிறகு உளியும் கையுமாக நிற்க நேரிடும். நல்லவேளை, தம்பி அதை மறைக்கச் சொல்லியிருந்தான்.

(ஐம்பது ஆண்டு கடந்து மூல உருவிலேயே இருக்கும் வண்டிகளுக்கு 2021இல் ஒன்றிய அரசு தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக் கூடாது. எங்களுக்குக் காட்சிப்பொருள் வேண்டாம், திருவேற்காடு போய்வர வண்டி வேண்டும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.)

மூன்றாவது பி.யூ. என்கிற பாலியூரித்தேன். பெயிண்டோடு ஹார்ட்னர் கலந்து அடிப்பது. காய்வது மட்டுமல்ல, வினைபுரிந்து இறுகிவிடுவது. அதனால் நன்றாக இறுகிய பின் பெட்ரோலுக்கு அசையாது, வெயிலுக்கும் நெடுநாள் தாங்கும். உரிந்த இடத்தை வாட்டர் பேப்பரால் தேய்த்து அவ்விடத்துக்கு மட்டும் அடிக்க முடியும். என்.சி.யைப்போல் கரைந்து ஒன்றாகாது என்றாலும் கைதேர்ந்தவர் விளிம்பை மறைத்துவிடுவார். கேட்ட அளவில் இதுவே விடை. நாங்களும் இதையே தேர்ந்தெடுத்தோம். ஆனால் ஒரு தயக்கத்தோடு.

ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். போபாலில் 1984இல் கசிந்தது இந்தக் குடும்பத்தின் வேறோர் உறுப்பினர். அதுவும் இதுவும் ஒன்றல்ல, அந்த அச்சம் இங்கே பொருந்தாது. இதன் தீங்கு மெதுவானது. புகையாக மூச்சில் தொடர்ந்து போனால் சிலருக்கு ஒவ்வாமை ஏறி, பின்பு ஒரு துளிக்கே இழுப்பு வரும். ஒருமுறை அப்படி ஆனவர் அந்தத் தொழிலை விட்டே விலக வேண்டியிருக்கும். இதை அடிக்க, வெளியிலிருந்து குழாய்வழி நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். எங்கள் பகுதிச் சாலையோரப் பட்டறைகளில் நாங்கள் கண்டதெல்லாம் மூக்கில் கட்டிய கைக்குட்டை. பூந்தமல்லி சாலைப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுக் கை. கறுப்பு அடிப்பதில் அவருக்கு நிகர் நாங்கள் பார்த்ததில்லை. பி.யூ. என்றதும் ஒரு கணம் பேசாமலிருந்தார்.

'அடிச்சுத் தரேன் தம்பி. ஆனா அடிச்ச அன்னிக்கு ராத்திரி படுக்க முடியாது. உக்காந்துதான் தூங்கணும்.'

டேங்க் பதினைந்து ஆண்டு நிற்க வேண்டும் என்று கேட்டு வந்தவர்களுக்கு இதன் பிறகு அவரிடம் கன்னைக் கொடுக்க மனம் வரவில்லை. பழைய வண்டிப் பிரியர்கள் பெயிண்ட் கம்பெனிப் பெயரையும் பளபளப்பையும் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள். அடிப்பவர் என்ன மூச்சு விடுகிறார் என்று யாரும் எழுதிக் கண்டதில்லை. எங்கள் கருத்தில், காற்றுக்குழாய் முகமூடி இல்லாத இடத்தில் பி.யூ. அடிக்கச் சொல்வது தவறு. கூலி குறைகிறது என்பது ஒரு காரணம் ஆகாது. எங்களிடம் பணம் கொட்டிக் கிடக்கவில்லை. இருந்தும் தொழிற்பேட்டையில் அறையும் முகமூடியும் உள்ள ஓரிடத்தில், ஏறக்குறைய இரு மடங்கு கூலிக்கு மேல்பூச்சை அடித்தோம். அதற்கு முன்பான வேலை முழுவதும் பெரியவருடையது: டேங்கில் நீர் நிரப்பிப் பெட்ரோல் ஆவியைப் போக்குவது, ஓட்டையை முறையாக அடைப்பது, பவுடரைச் சுரண்டுவது, எபாக்சி பிரைமருக்குப் பின் நாள்கணக்காகத் தேய்ப்பது. 'பெயிண்ட் நிக்கிறது பெயிண்ட்ல இல்ல, அடியில இருக்கு' என்று தேய்த்துக்கொண்டே சொன்னார். இலக்கண ஆசிரியர் ஒருவரிடம் கற்ற மாதிரி இருந்தது.

இன்னொரு முடிவும் எடுத்தோம்; இதில் நண்பர்கள் பலர் எங்களோடு உடன்படவில்லை. கறுப்பின் மேல் நிறமற்ற வார்னிஷ் அடுக்கான கிளியர் கோட் அடிக்கவில்லை. அடித்தால் ஆழம் தெரியும், முகம் பார்க்கலாம். ஆனால் அதில் கீறினால் வெள்ளைக் கோடு விழும். அடித்தளக் கறுப்புக்கும் மேலடுக்குக்கும் இடையே ஒரு நாள் பிரிவும் வரலாம். ஒரே அடுக்கில் கறுப்பும் பளபளப்பும் சேர்ந்த பூச்சில் கீறினாலும் கறுப்புதான். மெழுகிட்டுத் தேய்த்தால் பாதிக் கீறல் போய்விடும். சுட்ட எனாமலின் அடக்கமான பளபளப்புக்கு இதுவே நெருக்கம் என்றும் எங்களுக்குப் படுகிறது. பொற்கோட்டையும் கிளியர் கோட்டின் கீழ் புதைத்துவிட்டால் அழியாது என்றார்கள். அழியாதுதான். விரலால் தடவினால் கோடு தட்டுப்படவும் தட்டுப்படாது. தந்தையார் பெட்ரோல் போட்டுவிட்டு அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டுவார். துடைக்கிறாரா தடவுகிறாரா என்று தெரியாது. கோடு மேலேயேதான் இருக்க வேண்டும். தேய்ந்தால் மறுபடி இழுத்துக்கொள்ளலாம்.

இழுப்பதற்கு மாதிரி ஒன்று கிடைத்தது. கடைசியில் சொல்லக் காரணம், அது கடைசியில்தான் கிடைத்தது. வண்டியைப் பிரித்தபோது வலப்பக்க டூல் பாக்ஸின் மூடி பூட்டு உடைந்து தனியாகப் பரணில் கிடந்திருக்கிறது. மணலுக்கும் சூளைக்கும் தப்பியது அது ஒன்றே. கறுப்பு மங்கி, ஓரங்களில் பழுப்பேறி, ஒரு மூலையில் இரும்பு தெரிகிறது. நடுவே பொற்கோடு, ஓரிடத்தில் சற்றுத் தடித்து, வளைவில் மெலிந்து. தூரிகை அவ்விடத்தில் தயங்கியது தெரிகிறது. அதற்குப் புதுப் பூச்சு அடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். துருவை மட்டும் நிறுத்தி, மெழுகு தடவி, அப்படியே மாட்டியிருக்கிறோம். பார்ப்பவர்கள் வலப்பக்கம் வந்ததும், 'இது மட்டும் விட்டுப்போச்சா சார்?' என்று கேட்கிறார்கள்.

டேங்க் இன்னும் கோடில்லாமல் வெறுங்கறுப்பாக இருக்கிறது. பெரியவர் மூடியை வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார். கை நடுக்கம் காலையில் குறைவு, பனி விலகட்டும், தை பிறந்து வருகிறேன் என்றிருக்கிறார்.